மாப்பிள்ளை சொல்லி வைத்திருக்கிறார்

எங்கள் பக்கத்தில் வேலைக்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை. சொல்லி வைப்பார்கள். விண்ணப்பம் என்பது அதற்கப்புறம் ஒப்புக்குச் செய்கிற காரியம். காலை ரயிலுக்குக் கடம்பத்தூர் பிளாட்பாரத்தில் நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர், யாரோ யாரிடமோ சொல்லி வைத்ததால் நிற்கிறவர்கள்தான். யாருக்காக யார் சொன்னார் என்பதும் ஊருக்குத் தெரியும். வேலை கிடைத்தால் பெருமை சொன்னவருக்கு, கிடைக்காவிட்டால் பழி போனவர் தலையில்.

என் முதல் வேலைக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கல்லூரிக்கே வந்து தேர்வு வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், லாரிகளுக்கு இரும்பு வார்ப்புகள் செய்கிற தொழிற்சாலை. எனக்குத் தரம் பார்க்கிற வேலை. வார்ப்பைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பி, விரிசலோ ஓட்டையோ இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். ஸ்டேஷன் பக்கத்தில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு அறை எடுத்திருந்தோம். விடுமுறைக்கு வீட்டுக்கு வர பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாற வேண்டும். அந்தப் படிகளில் ஏறி இறங்கும்போது எனக்கு நான் பெரிய ஆள் என்று தோன்றும்.

ஒரு ஆடி மாதம் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் சிலர் எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். கன்சல்டிங் கம்பெனியிலிருந்து என்றார் மேலாளர். கால்களில் புத்தம் புது பாதுகாப்பு ஷூ, கையில் ஸ்டாப்வாட்ச். எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு வார்ப்பைப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். என்னை மேடம் என்று கூப்பிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் என்னை மேடம் என்று கூப்பிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். நானும் பல்லை இளித்துக்கொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எந்த வகை வார்ப்பில் எங்கே விரிசல் வரும், எதை எங்கே திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பொங்கல் கழிந்ததும் அந்த இடத்தில் ஒரு கேமராவை மாட்டினார்கள். எங்கள் பிரிவுப் பெண்களை ஒவ்வொருவராக ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, அனுபவச் சான்றிதழும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. ஸ்டாப்வாட்ச் எப்படியும் ஓடத்தான் போகிறது. அதைக் கையில் பிடித்திருக்கிற பக்கம் போய் நின்றுவிட வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. அந்த மாதிரிக் கம்பெனியில்தான் சேருவேன் என்று வீட்டில் சொன்னேன். அது என்ன வேலை என்று அம்மா கேட்டாள். விளக்கினேன். அடுத்தவன் கம்பெனிக்குப் போய் புத்தி சொல்றதுக்குச் சம்பளமா, அதைத்தான் உன் பெரியப்பா காலம் பூரா இலவசமாகச் செய்கிறாரே என்றாள்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். நிலம் இன்னும் பாகம் பிரிக்காததால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பா அவருக்கு எதிரில் வாயைத் திறக்க மாட்டார். நான் கும்மிடிப்பூண்டி அறையைக் காலி செய்துவிட்டுப் பையோடு வந்து இறங்கிய அன்றே, வேலைக்குப் போனதெல்லாம் போதும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஊத்துக்கோட்டைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது. மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. எனக்காக எங்கள் வீட்டில் நின்று பேசியது அம்மா மட்டும்தான். தை மாதம் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று பெரியப்பாவிடம் தவணை வாங்கினாள். அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து அவரிடம் கேட்டு வாங்கிய முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

தவணை வாங்கிய கையோடு சொல்லி வைக்க ஆள் தேடினாள். கிடைத்தவர் என் அத்தை வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இந்த உறவைச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் ஒரு ஸ்டேஷன் தாண்டிவிடும். நாங்கள் அவரைப் பெரிய மாமா என்போம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருவள்ளூரில் சொந்த வீட்டில் இருந்தார். ஒரே மகள். எனக்கு அண்ணி முறை. அண்ணியின் வீட்டுக்காரர் சென்னையில் நான் ஆசைப்பட்ட அதே மாதிரி ஒரு கன்சல்டிங் கம்பெனியில் சீனியர் மேனேஜர். கொரோனா காலத்தில் மாமனார் வீட்டு மாடிக்கு வந்தவர், வீட்டிலிருந்தே வேலை என்று அங்கேயே தங்கிவிட்டார். திருவள்ளூரில் அந்தத் தெருவே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும்.

ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அம்மா பெரிய மாமாவைப் பிடித்தாள். அவர் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி மாப்பிள்ளையின் பெருமையைச் சொன்னார். அந்தக் கம்பெனியில் அவரைக் கேட்காமல் ஒரு ஆள் உள்ளே போக முடியாதாம். பிள்ளையின் பயோடேட்டாவை அனுப்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மா வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். அடுத்த மாதம் நெஞ்சுவலி என்று படுத்த பெரிய மாமா எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்ததும் அம்மா அழுதாள். நிஜமான அழுகைதான், அவர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதர். கொஞ்ச நேரம் கழித்து, மாப்பிள்ளைக்கு நம்ம விஷயம் தெரியுமோ தெரியாதோ என்றாள். சாவு அன்று போய் அதைப் பேசுவது நன்றாக இருக்காது, கருமாதிக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அவளே முடிவும் செய்தாள். வரமாட்டேன் என்றேன். வராவிட்டால் தை மாதம் உன் பெரியப்பாவுக்கு நீயே பதில் சொல்லிக்கொள் என்றாள். போனேன்.

கருமாதி வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். முதலில் துக்கத்தால் என்று நினைத்தேன். மாடியில் மாப்பிள்ளைக்கு மீட்டிங்காம். மாமனார் காரியத்தன்று கூட விடமாட்டேன் என்கிறார்கள் பாவிகள் என்று அண்ணி அழுத கண்ணோடு அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மேளக்காரர்களைத் தெருமுனைக்குப் போய் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். பெரிய வேலை என்றால் அப்படித்தான் என்று உட்கார்ந்திருந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நான் மேலே பார்த்தேன். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அவர் இறங்கி வந்தார். நரைத்த தாடி, சவரம் செய்யாத முகம். மாமனாருக்காக வளர்த்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் பந்தலில் உட்கார்ந்ததும் துக்கம் விசாரிக்க ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்தார்கள். பிடித்த கையை விடாமல் காதருகே குனிந்து என்னவோ சொன்னார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர் பிளாஸ்டிக் கவர். அப்போதுதான் புரிந்தது, நாங்கள் வரிசையில் நிற்கிறோம் என்று. செத்தவர் உயிரோடு இருந்தபோது எத்தனை பேரிடம் இதே வாக்கைக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாவுக்கோ அதில் தெம்புதான். பாரேன், எவ்வளவு கூட்டம், கையில் பவர் இல்லாமலா என்றாள்.

எங்கள் முறை வந்தது. அம்மா மாமாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை முன்னால் தள்ளினாள். அவர் என் பயோடேட்டாவை வாங்கிப் படித்தார். மற்றவர்களுடையதைப் படிக்கவில்லை, என்னுடையதைப் படித்தார். வார்ப்பு ஆலையில் இருந்தாயா என்று கேட்டார். எந்தப் பிரிவு, ஏன் விட்டாய் என்று கேட்டார். சொன்னேன். காகிதத்தை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ நேரடியாவே போடும்மா. ஆன்லைன்ல போடும்போது என் பேர மட்டும் போட வேணாம். நல்லா இருக்காது."

அம்மா தலையை ஆட்டினாள். புறப்படும்போது, காரியம் முடிந்துவிட்ட சந்தோஷத்தில், போய்ட்டு வரோம் தம்பி என்று சொல்லிவிட்டாள். கருமாதி வீட்டில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை. சுற்றி இருந்த பெண்களின் வாய் அப்படியே நின்றது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு என் கையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

ரயிலில் உட்கார்ந்ததும் நான் சொன்னேன், அவர் பெயரைப் போட வேண்டாம் என்றாரே, அப்படியே செய்கிறேன் என்று. அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பெரிய மனுசங்க நேரா சொல்லுவாங்களாடி, என் பேர போட்டுக்கோன்னு? வாணாம்னுதான் சொல்லுவாங்க. நாமதான் போட்டுக்கணும். பேரு இல்லன்னா உன்ன யாரு இன்னான்னு கேப்பா?"

இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. வேறு எந்த ஊராக இருந்தாலும் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். எங்கள் ஊரில், மொய் எழுதும்போது வேண்டாம் என்பவர் பெயரைத்தான் முதலில் எழுதுவோம். இன்னும் ஒரு கரண்டி போடாதே என்று கையை மறைக்கிறவர் இலையில்தான் போடுவோம். வேண்டாம் என்பது எங்களுக்குப் பணிவு. மறுநாள் அண்ணியும் போன் செய்தாள். அவர் எப்போதுமே தன்னை முன்னால் வைத்துக்கொள்ள மாட்டார், அப்பாவே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார், நீ தாராளமாகப் போடு என்று அவருடைய பதவியையும் ஆபீஸ் ஈமெயிலையும் அவளே வாட்ஸாப்பில் அனுப்பினாள். விண்ணப்பத்தில், எங்கள் நிறுவனத்தில் இப்போது வேலை செய்பவர் யாராவது உங்களைப் பரிந்துரைக்கிறார்களா என்று ஒரு கேள்வி இருந்தது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்று போட்டு அவர் பெயரை எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நன்றாக நடந்தது, அதுதான் கொடுமை. ஆன்லைன் தேர்வில் தேறினேன். போனில் ஒருவர் நேர்காணல் செய்தார். அவர் மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வார்ப்புகளைப் பற்றிக் கேட்டார். கேமரா எதைக் கண்டுபிடிக்காது என்று கேட்டார். எனக்கு அந்தக் கேமரா மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வைத்துப் பதில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நேரில் சந்திப்போம் என்று சொல்லிப் போனை வைத்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அம்மாவிடம் சொன்னதும் அவள் அண்ணிக்குப் போன் போட்டு, எல்லாம் மாப்பிள்ளை புண்ணியம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பேசியது நான்தானே. ஆனாலும் வேலை கிடைத்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள் அந்தக் கம்பெனியின் எச்.ஆர். பெண் கூப்பிட்டாள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வயல் வரப்புக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு பேசினேன். மிகவும் மரியாதையான ஆங்கிலம். நீங்கள் பரிந்துரைத்தவர் என்று எழுதியிருக்கிறவர் இங்கே இல்லை, வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றாள். ஏதோ தவறு நடந்திருக்கும், அவர் இப்போதும் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், நானே பார்த்தேன் என்றேன். அவர் உங்களுக்கு உறவா என்று கேட்டாள். தூரத்து உறவு என்றேன். அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்றாள். தவறான தகவல் கொடுத்த விண்ணப்பத்தை மேலே கொண்டுபோக முடியாதாம். இனிமேல் நான் அங்கே விண்ணப்பித்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்துவிட்டாள்.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவாடையெல்லாம் சேறு. அந்த ஆளை அப்படியே மாடியிலிருந்து இழுத்துத் தெருவில் தள்ள வேண்டும் போல இருந்தது. மூடிய ஜன்னல், ஆங்கிலக் குரல், தெருமுனைக்குத் துரத்தப்பட்ட மேளக்காரர்கள். யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் அன்றைக்கு? அப்புறம் அண்ணியின் முகம் ஞாபகம் வந்தது. அப்பன் செத்து மண் காயவில்லை, இடுப்பில் ஒரு குழந்தை. நான் இதை வாய்விட்டுச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் திருவள்ளூர் போய்ச் சேர்ந்துவிடும். கடம்பத்தூரில் ஏறினால் அடுத்தடுத்த ஸ்டேஷனெல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள்தான்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நேர்காணலில் நான் சரியாகப் பேசவில்லையாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அம்மா மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை. பெரியப்பாதான் பேசினார். அவ்வளவு பெரிய ஆள் சொல்லி வைத்தும் கிடைக்கவில்லை என்றால் இவளுக்கு அவ்வளவுதான் சரக்கு, அரிசி ஆலைக்காரர்களை வரச் சொல்லலாம் என்றார். தை இன்னும் பிறக்கவில்லையே என்று அம்மா முனகினாள். அவள் குரலில் பழைய உறுதி இல்லை. உண்மை எனக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நான் விழுங்கியது போதாது என்று அம்மா இன்னொரு காரியம் செய்தாள். அன்று சாயங்காலம் அண்ணிக்குப் போன் செய்து, என் பெண் உன் வீட்டுக்காரர் பேரைக் கெடுத்துவிட்டாள் என்று அழுதாள். கொல்லையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்று அவளே வாக்கும் கொடுத்துவிட்டாள். மார்கழி பிறந்ததும் ஒரு பையில் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கீழே தன் மன்னிப்பைக் கேட்டு முடித்துவிட்டு, மாடிக்கு நீயே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று அனுப்பினாள்.

கதவைத் தட்டினேன். ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திறந்தார். மேசையில் லேப்டாப் மூடியிருந்தது. கதவை அவர் சாத்தவில்லை, குரலைத்தான் தாழ்த்தினார்.

"கால் வந்துச்சா?"

வந்தது என்றேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். எச்.ஆர். பெண் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். மூன்றாவது மனிதர் கதையைக் கேட்பவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கீழே யாருக்குத் தெரியும் என்றார்.

"யாருக்கும் தெரியாதுண்ணா. நான்தான் இன்டர்வியூல சொதப்பிட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் அம்மா மன்னிப்பு கேட்டுக்கினு கீறாங்க."

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்டு நிற்கிற நினைப்பு எனக்கு. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்மா அப்படி சொன்னே?" என்றார். "என் பேர போட்டுட்டாங்கன்னு உங்க அண்ணி சொன்ன அன்னிக்கு எனக்குக் கை கால் ஓடல. அப்பறம் ஒரு மாதிரி நிம்மதியா ஆயிடிச்சி. இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிடும், வந்து எல்லார் எதிர்லயும் கேக்கும், இதோட முடிஞ்சிடும்னு நெனச்சிக்கினு இருந்தேன். வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டா நீங்கதான்னு நெனப்பேன். என்னால சொல்ல முடியல. நீயாவது சொல்லுவேன்னு இருந்தேன்."

அவர் பேசிக்கொண்டே போனார், யாரிடமாவது பேசக் கிடைத்த வெறியில் பேசுகிறவர் போல. ஆட்களைக் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்களாம். தேடாத இடமில்லையாம். வயசைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்களாம். இத்தனை நாளும் இந்த விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர், பெரிய மாமா. வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என் பெண்ணிடம் சொல்லாதீர்கள், தாங்க மாட்டாள் என்று மாமாதான் கேட்டுக்கொண்டாராம். குடும்பம் அவர் பென்ஷனில் ஓடியிருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று, போகிற கல்யாணத்திலெல்லாம் மாப்பிள்ளையின் பெருமையை அவரே பேசியிருக்கிறார்.

"அவரு இருந்தாரு, சமாளிச்சோம். மாடிக்கு வந்து உக்காந்துக்கினு, இன்னிக்கு எங்கனா பதில் வந்துச்சா மாப்ளன்னு கேப்பாரு. இப்ப கேக்கவும் ஆள் இல்ல."

செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. மண்டபத்தில் என் அம்மாவிடம், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னது எங்களுக்காக இல்லை. மகள் வீட்டுக்குத் திரை கட்ட அவருக்குத் துணி வேண்டியிருந்தது, என் அம்மாவின் ஆசையை எடுத்துக் கட்டியிருக்கிறார். அந்தத் துணியோடு என் வேலையும் கிழிந்து போயிற்று. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. மேசைக்கு அடியில் கருமாதியன்று வாங்கிய பிளாஸ்டிக் கவர்கள் கிடந்தன. அவற்றை அவர் தூக்கியும் போடவில்லை.

நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணா என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முடிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? நீ போய் சொல்லு. இப்பவே சொல்லிடு. நான் இங்கயே இருக்கேன்."

கீழேயிருந்து அண்ணி, டீ ஆறுகிறது என்று கூப்பிட்டாள். நான் படியிறங்கினேன். சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கினேன். அவரே கேட்டுக்கொண்டார். சொன்னால் என் மேல் விழுந்த பழி போகும். அம்மா தலை நிமிர்வாள். பெரியப்பா வாயடைத்துப் போவார். அப்படிச் சொல்ல வேண்டும், இப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று வார்த்தைகளைக் கூடச் சேர்த்துவிட்டேன்.

அண்ணி கூடத்தில் உட்கார்ந்து, நாங்கள் வாங்கிப்போன ஆப்பிளை நறுக்கிக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டினாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவர் யாரையும் திட்ட மாட்டார் என்றாள்.

"அப்பா போனதுலேர்ந்து இவரு ஒருத்தர்தான் எனக்குத் தெம்பு. இவரும் இல்லன்னா நான் இன்னா ஆவேன்னு நெனச்சிப் பாக்கவே பயமா கீது."

வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். அவள் டீயைத் தொடவேயில்லை, டம்ளரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி இன்னாடி சொல்ச்சி?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மாடியில் ஒரு சத்தமும் இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"வேற ஒரு கம்பெனில சொல்லி வைக்கிறேன்னு சொன்னாரும்மா."

அண்ணி சிரித்தாள், நான்தான் சொன்னேனே என்றாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார் என்று சொல்லிப் பெரியப்பாவிடம் சித்திரை வரைக்கும் தவணை கேட்கப்போவதாக அண்ணியிடம் சொன்னாள். கேளுங்கள் அத்தை, தைரியமாகக் கேளுங்கள் என்றாள் அண்ணி. அதற்குள் மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்.